பவர் பிரஸ்ஸில் விரல்களை இழந்த தம்பிக்கு இழப்பீடு: உரிமையாளர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி ஒரு சிறிய உலோகப் பட்டறையில் பவர் பிரஸ், அதாவது உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம், ஓட்டி வந்தான். 2025 ஆகஸ்டில், டையில் (தகட்டை வெட்டும் அச்சில்) சிக்கிய தகட்டை எடுக்கக் கையை உள்ளே நீட்டியபோது பிரஸ் இறங்கி, வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. மோதிர விரல் தப்பியது, ஆனால் மடங்குவதில்லை. சட்டைப் பொத்தானைப் போடுவதற்கும் இப்போது இடது கையைத்தான் நம்பியிருக்கிறான். விபத்தின்போது அவனுக்கு வயது 30. மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தை ஒரு லேபர் கான்ட்ராக்டர் கையில் கொடுப்பார். சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது.

மருத்துவமனைச் செலவு முழுவதையும் பட்டறை உரிமையாளரே கட்டினார், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இப்போது 50,000 ரூபாய் தருவதாகவும், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்கிறார். அவன் கான்ட்ராக்டரின் ஆள், தன் ஆள் இல்லை என்கிறார். கான்ட்ராக்டரைக் கேட்டால், ஆளை அனுப்பியதோடு தன் வேலை முடிந்தது என்கிறார். ஓடும் இயந்திரத்துக்குள் கையை விட்டது அவன் தவறுதானே என்று இருவரும் ஒரே குரலில் கேட்கும்போது, தம்பி தலையைக் குனிந்துகொள்கிறான். சட்டப்படி அவனுக்கு என்ன கிடைக்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: தொழிற்சங்கப் பணியாளர்

வணக்கம், சகோதரி. முதலில் ஒன்று: அந்தத் தாளில் தம்பி கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பதற வேண்டாம், ஏனெனில் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதப்படும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமே சொல்கிறது. தொகையைப் பேசி முடிப்பதாக இருந்தாலும், அந்த உடன்பாட்டை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பட்டறை மேசையில் வைத்து வாங்கப்படும் கையெழுத்துக்கு அந்த மதிப்பு இல்லை.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடப்புக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. தம்பியின் விபத்து அதற்கு முன்பே நடந்ததால், அவருடைய உரிமையை 1923-ஆம் ஆண்டுச் சட்டப்படியே பார்க்க வேண்டும். புதிய சட்டமும் கணக்கிடும் முறையைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருப்பதால், இதைச் சொல்லி யாராவது உங்களைக் குழப்பினால் கலங்க வேண்டாம்.

‘அவன் தவறுதானே’ என்ற பேச்சைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன். காயம்பட்டவரையே குற்றவாளியாக்கி வாயடைக்கும் பேச்சு அது. இந்தச் சட்டம் யாருடைய தவறு என்று கேட்பதில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்ததா என்றுதான் கேட்கிறது. கவனக் குறைவு ஒரு தடையே அல்ல. மது அல்லது போதையில் இருந்தது, பாதுகாப்புக்காகத் தெளிவாகப் போடப்பட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியது ஆகிய காரணங்களால் விபத்து நேர்ந்தால் மட்டுமே உரிமையாளர் தப்ப முடியும். மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டிருந்தால் அந்த விலக்கும் அவருக்கு உதவாது. சிக்கிய தகட்டை எடுக்கப் போனவர் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

கான்ட்ராக்டர் விஷயத்திலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்ததாரர் மூலம் செய்விப்பவர், அந்த ஆள் தன் நேரடிப் பணியாளராக இருந்தால் எவ்வளவு தர வேண்டுமோ அவ்வளவையும் தர வேண்டும். பிறகு அதை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்வது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. மனுவில் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். பட்டறைக்குக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்தையும் சேருங்கள்.

ஒரு விவரம் தேவை. பட்டறையில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் என்றால், தம்பியின் சம்பளம் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருப்பதால் வழி ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, பக்கம் போகும். அங்கே உரிமை உள்ளவர் இந்தச் சட்டப்படி கேட்க முடியாது. ஈஎஸ்ஐயில் சிகிச்சைக் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும், நிரந்தர ஊனத்துக்கு வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் ஒரு தொகையும் கிடைக்கும். உரிமையாளர் பதிவு செய்யாமலோ சந்தா கட்டாமலோ இருந்தது தொழிலாளியின் உரிமையைக் கெடுக்காது.

மறுமொழி: பிரஸ் தொழிலாளி

எனக்கும் பிரஸ்ஸில்தான் கட்டை விரல் போனது; இழப்பீடும் வாங்கினேன். மேலே ஐயா சொன்ன சட்டத்தைவிட, எங்களைப் போன்றவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மருத்துவமனையில் முதலில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏஆரில், காயம் எப்படி ஏற்பட்டது என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். கூட வந்த சூப்பர்வைசர் சொன்னதையே பெரும்பாலும் எழுதிவிடுகிறார்கள், அந்த நேரத்தில் நாம் வலியில் துடித்துக்கொண்டிருப்போம். அந்த ஏஆர் நகலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எக்ஸ்ரேக்களையும் உடனே வாங்கிப் பாருங்கள் அக்கா. அதில் ‘வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தில் சிக்கியது’ என்று இருந்தால் பாதி வழக்கு முடிந்தது போலத்தான்.

கேட்டவர்

மறுமொழி எழுதிய இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று ஏஆர் நகலை வாங்கினோம். நீங்கள் அஞ்சியபடியே, ‘வீட்டில் கதவில் விரல் நசுங்கியது’ என்று எழுதியிருக்கிறது. படித்ததும் தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறையில் கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து எட்டுப் பேர்தான், அதற்கு மேல் எப்போதும் இருந்ததில்லை என்கிறான். பிரஸ்ஸில் கை நுழைந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சார் இருந்திருக்கிறது. அடிக்கடி நின்று உற்பத்தி குறைகிறது என்று சூப்பர்வைசரே அதன் இணைப்பைப் பிடுங்கிவிட்டாராம். மருத்துவமனைக்குச் செலவழித்ததைக் கழித்தால் தர வேண்டியது ஒன்றுமே மிஞ்சாது என்று உரிமையாளர் இப்போது புதிதாகச் சொல்கிறார். ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம், கிடைப்பதில் 30 சதவீதம் கேட்கிறார். இனி என்ன செய்வது?

மறுமொழி: சட்ட உதவி வழக்கறிஞர்

வணக்கம். எட்டுப் பேர் என்றால் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே மனுச் செய்யுங்கள். மின்சக்தியால் இயந்திரம் ஓடும் உற்பத்தி இடத்தில் எத்தனை பேர் வேலை செய்ய வேண்டும் என்ற கணக்கு இந்தச் சட்டத்தில் இல்லை.

தொகையை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சம்பளம் 18,000 ஆனாலும், 2020 ஜனவரியில் வந்த அறிவிக்கையின்படி இழப்பீட்டுக் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்ச வரம்பு. அதில் 60 சதவீதம், அதாவது 9,000 ரூபாயை, 30 வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்கினால் 18,71,820 ரூபாய் வரும். நிரந்தர முழு ஊனத்துக்கான தொகை அது. ஒரு கையில் இரண்டு விரல்களை இழந்தால் வருவாய் ஈட்டும் திறனில் 20 சதவீத இழப்பு என்று சட்டத்தின் முதல் அட்டவணை வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 3,74,364 ரூபாய். அவர் நீட்டும் 50,000 ரூபாய் இதன் ஏழில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

மோதிர விரலை மறந்துவிடாதீர்கள். பலர் போன விரல்களை மட்டும் எண்ணிவிட்டு, இருந்தும் பயன்படாத விரலை விட்டுவிடுகிறார்கள். ஒரே விபத்தில் ஏற்பட்ட காயங்களுக்கு உரிய தொகைகளை, முழு ஊனத்துக்கான அளவைத் தாண்டாதவரை, கூட்டிக் கேட்கலாம். மடங்காத விரல் அட்டவணையில் இல்லாத காயம் என்பதால், அதனால் வருவாய்த் திறன் எவ்வளவு குறைந்தது என்று தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். எலும்பு முறிவு சிகிச்சை நிபுணரிடம் சான்று வாங்கும்போது, ‘விறைப்பு உள்ளது’ என்று மட்டும் எழுதி வாங்காமல், எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது, பிடிமானம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். ஒருவர் செய்து வந்த தொழிலை வைத்துத்தான் ஊனத்தை அளக்க வேண்டும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1975-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இன்றும் துணை நிற்கிறது. இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட ஒரு தச்சர், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்ற காரணத்தால், அவருக்கு ஏற்பட்டது முழு ஊனமே என்று அதில் ஏற்கப்பட்டது. இரண்டு விரல் இழப்பை அப்படியே முழு ஊனமாக்க அந்தத் தீர்ப்பு போதாது. ஆனால் பிரஸ் ஓட்டும் கைக்கு இந்த விறைப்பு என்ன செய்கிறது என்று வாதாட அது பயன்படும்.

மருத்துவச் செலவைக் கழிப்பேன் என்பது சட்டத்துக்கு நேர் எதிரானது. சிகிச்சைக்காக முதலாளி கொடுத்த பணத்தை இழப்பீடாகக் கருதக் கூடாது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கான உண்மையான மருத்துவச் செலவு தனியாக அவர் மீது விழும் பொறுப்பு. நீங்கள் கைக்காசில் வாங்கிய மருந்துகளுக்கும் பிசியோதெரபிக்கும் ரசீதுகள் இருந்தால் அவற்றையும் கேட்கலாம். விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு கொடுக்கப்பட வேண்டியதாகிவிடுகிறது என்று அதே 1975-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்கிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஓடும்; மேலே சொன்ன தொகைக்கு அது ஆண்டுக்கு 44,900 ரூபாய்க்கு மேல். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால், இழப்பீட்டில் பாதி வரை தண்டத் தொகையும் ஆணையர் விதிக்கலாம்.

இனி அந்த ஏஆர் வரி. அது உங்களுக்குப் பாதகம்தான், ஆனால் வழக்கை முடித்துவிடும் பாதகம் அல்ல. மருத்துவமனைப் பதிவில் காரணத்தைச் சொன்னவர் யார் என்பதும் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும்; ‘அழைத்து வந்தவர்’ என்ற இடத்தில் சூப்பர்வைசரின் பெயர் இருந்தால், வீட்டில் நடந்த விபத்துக்குப் பட்டறை சூப்பர்வைசர் எப்படி வந்தார் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைப் பணத்தை உரிமையாளரின் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் அதுவும் உங்கள் பக்கச் சான்று. கதவில் நசுங்கிய விரலும் டையில் வெட்டுப்பட்ட விரலும் ஒன்று போல இருக்காது. காயத்தின் விளிம்பு எப்படி இருந்தது என்று அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் எழுதியிருப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். அன்று அருகில் நின்ற ஒருவர் சாட்சி சொன்னால் போதும். உரிமையாளரோ கான்ட்ராக்டரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், 50,000 ரூபாய் பேசிய குரல் பதிவு எதையும் அழித்துவிடாதீர்கள். சம்பளச் சீட்டு இல்லாததற்கும் இதே வழிதான்: உடன் வேலை செய்பவரின் வாக்குமூலம், கான்ட்ராக்டரின் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி ஒரு மனு.

சென்சாரைப் பிடுங்கியது சூப்பர்வைசர் என்பதால், ‘பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினார்’ என்ற விலக்கு தம்பி மீது பாயாது. அதை நிரூபிக்கும் சுமையும் உரிமையாளருடையதே. அந்த இணைப்பின் புகைப்படம் யாரிடமாவது இருந்தால் இப்போதே வாங்கி வையுங்கள். நோட்டீஸ் போன பிறகு சென்சார் திரும்ப மாட்டப்பட்டுவிடும்.

மறுமொழி: தொழிற்சங்கப் பணியாளர்

வழக்கறிஞர் அம்மா எழுதியதோடு நடைமுறை விவரம் கொஞ்சம் சேர்க்கிறேன். விபத்தின் நாள், நேரம், நடந்த விதம், காயம் ஆகியவற்றை எழுதி, உரிமையாளருக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தாமதமாக அனுப்புவதால் உரிமை போய்விடாது. விபத்து உரிமையாளருடைய இடத்திலேயே நடந்தது, அவருக்கும் அப்போதே தெரியும். நோட்டீஸ் கிடைத்ததும் உரிமையாளர் தன் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் தம்பி போக வேண்டும், மறுத்தால் உரிமை நிறுத்திவைக்கப்படும்.

மனுவைப் பட்டறை இருக்கும் பகுதியின் ஆணையரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, தம்பி குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமும் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை அல்லது துணை ஆணையர்களே இந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், அதாவது 2027 ஆகஸ்டுக்குள் மனு பதிவாகியிருக்க வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டென்றாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

30 சதவீதம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தொழிற்கூடத் தொழிலாளர் என்ற முறையில், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி தம்பிக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஏஆர் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், வயதுச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு தம்பியையும் அழைத்துச் செல்லுங்கள். என்ன நடந்தது என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும். நோட்டீஸை எழுதியதும் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், அனுப்புவதற்கு முன் படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.