காதக் பிளட்டூனில் இருந்து ஊர் திரும்பியவர்கள்: அனுபவப் பகிர்வு

பேரையூரான்:

எங்கள் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு குறைவு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஜம்மு, அருணாசலம், சியாச்சின் எல்லாம் வந்து போகும். காதக்கில் இருந்தவன் மட்டும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவான். அவர்களையும் பேச வைக்கலாம் என்றுதான் இதை ஆரம்பிக்கிறேன். முதலில் என் கதை.

தெரியாதவர்களுக்காக: காலாட்படையில் ஒவ்வொரு பட்டாலியனுக்கும் சுமார் இருபது பேர் கொண்ட ஒரு காதக் பிளட்டூன் உண்டு. பட்டாலியன் நகர்வதற்கு முன்னால் போய் எதிரி எங்கே, எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று பார்த்து வருவது, பீரங்கிக்கு இலக்குச் சொல்வது, தேவைப்பட்டால் புகுந்து அடிப்பது இதன் வேலை. பெயர் வைத்தவர் தொண்ணூறுகளில் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பி.சி. ஜோஷி. 1999 கார்கில் போரில் டைகர் ஹில் மலையில் ஏறிப் பரம்வீர் சக்ரா வாங்கிய யோகேந்திர சிங் யாதவ், 18 கிரெனேடியர்ஸின் காதக் பிளட்டூன்காரர்தான். நான் மெட்ராஸ் ரெஜிமென்ட். வெலிங்டனில் ரெக்ரூட், அப்புறம் பெல்காமில் கமாண்டோ கோர்ஸ், அப்புறம் எல்லைக்கோட்டுப் பக்கம்.

சினிமாவில் காட்டுவது அடிக்கிற ஒரு ராத்திரியை. மற்ற ராத்திரி எல்லாம் படுத்துக் கிடந்து பார்ப்பதுதான். கிளம்புவதற்குச் சில நாள் முன்பே சோப்பு, தலைக்கு எண்ணெய், பீடி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம். வாசனை காற்றில் போகும். கழுத்து அடையாளத் தகடு, ரைபிள் வார் வளையம், தண்ணீர் பாட்டில் மூடி என்று சத்தம் போடக்கூடியது எல்லாவற்றுக்கும் டேப் சுற்றுவோம். மலம் கழித்தாலும் பாலிதீன் பையில் கட்டி முதுகுப் பையிலேயே திரும்பக் கொண்டுவர வேண்டும். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். நடுவில் ஒரு தீக்குச்சி வெளிச்சம் பட்டாலும் மறுபடி முதலில் இருந்து. இருட்டில் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் நேராகப் பார்க்கக் கூடாது, கொஞ்சம் ஓரமாகப் பார்க்க வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் கண்ணின் நடுப்பகுதி வேலை செய்யாது.

எனக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் சொல்லிக்கொடுத்ததில் பெரிய பாடம் சிலந்தி வலை. ஒத்தையடிப் பாதைக்குக் குறுக்கே வலை முழுசாக இருந்தால் ராத்திரி அந்த வழியே ஆள் போகவில்லை. இடுப்பு உயரத்தில் அறுந்திருந்தால் போயிருக்கிறான். கீழே மட்டும் அறுந்திருந்தால் நரியோ பன்றியோ.

பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்த பிறகு, எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கக் கதவில் ஒட்டடை அடிக்க நான் விடவே இல்லை. வீட்டுக்காரி கம்பை எடுத்தால் எனக்கு வெறி வரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோது ஒரே சண்டை. காரணம் கேட்டால் சொல்ல வராது. ‘அது இருந்தால்தான் ராத்திரி கொல்லைப்பக்கம் யாரும் வரவில்லை என்று தெரியும்’ என்று எப்படிச் சொல்வது? பேரையூரில் என் கொல்லைக்கு எவன் வரப்போகிறான், பக்கத்து வீட்டுக் கோழியைத் தவிர?

அடுத்தது வேட்டு. நம் ஊரில் காது குத்துக்கு வேட்டு, கல்யாணத்துக்கு வேட்டு, சாவுக்கு அதிர்வேட்டு. எல்லோரும் நினைப்பது எனக்குச் சத்தம் ஆகாது என்று. சத்தத்தில் எனக்கு ஒன்றும் இல்லை, எத்தனையோ கேட்டாயிற்று. வரப்போவது எனக்குத் தெரியாமல் வந்தால்தான் உடம்பு கட்டுக்குள் நிற்காது. அத்தனை வருஷம் நான் செய்த வேலையே மற்றவனுக்கு முன்னால் தெரிந்துகொள்வது. வீட்டில் எனக்கு யாரும் எதையும் சொல்வதில்லை. ‘பாவம், தொந்தரவு பண்ண வேண்டாம்’ என்று மறைக்கிறார்கள். மாமியார் வருவதுகூட வாசலில் ஆட்டோ நின்ற பிறகுதான் தெரியும்.

இதை மனநல டாக்டரிடம் சொன்ன பிறகு அவர் என் வீட்டுக்காரியைத்தான் கூப்பிட்டுப் பேசினார். இப்போது சின்ன விஷயத்தையும் முன்னாடியே சொல்லிவிடுகிறாள். வேட்டுப் போடுகிறவர் எங்கள் தெருக்காரர்தான். பற்றவைக்கும் முன் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடுவார். மாத்திரையும் உண்டு, அது பாட்டுக்குத் தனி. ஆனால் அந்த மிஸ்டு கால் செய்தது பெரிய வேலை.

செக்கானூரணி மருமகள்:

அண்ணே, ஒட்டடை விஷயத்தைப் படித்ததும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எங்கள் வீட்டில் ஒட்டடை இல்லை, மணல். என் வீட்டுக்காரர் வாசலில் ராத்திரி மணலைப் பரப்பிக் கையால் தடவி விட்டுப் படுப்பார். காலையில் முதல் ஆளாக எழுந்து குனிந்து பார்ப்பார். நான் கோலம் போடத் தண்ணீர் தெளித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுக்க மாட்டார்.

நாலு மணிக்கு மேல் அவருக்குத் தூக்கம் கிடையாது. விடிவதற்கு முன்னாடியும் பொழுது சாய்கிற நேரத்திலும் துப்பாக்கியோடு தயாராக நிற்கும் பழக்கமாம், ஸ்டாண்ட்-டு என்பார். இங்கே துப்பாக்கி இல்லை, மொட்டை மாடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி, அதிலும் சுவரோரம். முதுகுப் பக்கம் பரிமாறுகிறவன் போனால் சாப்பாட்டில் கை நிற்கும்.

மாமியார் காத்து கருப்பு என்று சொல்லிப் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாண்டி முனீஸ்வரர் முன்னால் போய் நின்றுவிட்டு வந்த ராத்திரி அவர் நன்றாகத் தூங்கவும் செய்தார். ஆனால் அடுத்தது குறி சொல்லும் ஒரு கோடாங்கி, அதற்கடுத்து ஒருத்தர் ‘கட்டிப் போட்டுப் பார்க்கலாம்’ என்று சொன்னபோது நான் நின்றுகொண்டேன். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியோடு கிடந்த 28 மனநோயாளிகள் தீயில் போனது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 2017 மனநலச் சட்டத்தில் சங்கிலி போடுவதே குற்றம்.

கடைசியில் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம். டாக்டர் முதல் கேள்வியே குடியைப் பற்றித்தான். பட்டாளத்துக் கேன்டீன் ரம் குடித்தால்தான் கண் மூடும் என்றார் இவர். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், ஆனால் பின்ராத்திரியில் தூக்கம் கலைந்துவிடும், கெட்ட கனவும் அப்போதுதான் வரும் என்று விளக்கினார். மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள் என்றார். இவர் இரண்டாவது வாரமே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று தூக்கிப் போடப் பார்த்தார். டப்பாவை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பட்டாளத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டாக்டரிடம் சொல்கிறார், அது போதும்.

ஒத்தக்கடை நாயக்:

நான் காதக் இல்லை. சியாச்சினில் லிங்க் பேட்ரோல் போனவன். ஒரு போஸ்டுக்கும் அடுத்த போஸ்டுக்கும் நடுவில் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் போவோம். பனிப்பிளவில் ஒருத்தன் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க. இருந்தாலும் இங்கே பேசலாம் என்று நினைக்கிறேன்.

மேலே ஏற்றுவதற்கு முன் உடம்பைப் பழக்க மூன்று கட்டம்: ஆறு நாள், நாலு நாள், நாலு நாள். அதற்குப் பிறகும் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டு ஹெலிகாப்டரில் இறங்கியவர்கள் உண்டு. 2016 பிப்ரவரியில் சோனம் போஸ்டில் பனிச்சரிவு வந்தபோது புதைந்த 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியன் ஆட்கள் பத்துப் பேரில் நாலு பேர் தமிழ்நாடு, ஒருவர் நம் மதுரை மாவட்டம். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்த ஹனுமந்தப்பாவும் டெல்லி ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அந்த வாரம் நான் டிவி பார்க்கவில்லை.

எனக்குப் போனது வலது கால் கட்டை விரலும் அதற்கடுத்ததும். ஃப்ராஸ்ட்பைட், குளிரில் விரல் செத்துப்போவது. ‘இரண்டு விரல்தானே’ என்பார்கள். நம் ஊரில் வார்ச் செருப்பு இல்லாமல் பிழைக்க முடியுமா? கட்டை விரல் இல்லாதவன் காலில் அது நிற்காது. கோயிலுக்குப் போனால், துக்க வீட்டுக்குப் போனால், பின்னால் பெல்ட் வைத்த சாண்டலைக் கழற்றி மாட்டுவதற்குள் எல்லோரும் போய்விடுவார்கள். நடக்கும்போது முன்னால் உந்துவது கட்டை விரல்தான் என்று போன பிறகுதான் தெரிகிறது. புனேயில் செயற்கை உறுப்பு மையத்தில் ஷூவுக்குள் வைக்க ஒரு அடைப்பு செய்து கொடுத்தார்கள். அதைப் போட்டால் நடை சரி. ஆனால் சித்திரை வெயிலில் நாள் பூராவும் மதுரையில் ஷூ போட்டுக்கொண்டு இருங்கள் பார்ப்போம்.

ரிட்டயரான பிறகு ஒரு ஜவுளிக்கடையில் செக்யூரிட்டி. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், உட்கார ஸ்டூல் கிடையாது. பட்டாளத்தான் என்றால் மரமா? மேனேஜரிடம் ஷூவைக் கழற்றிக் காலைக் காட்டினேன். கேமரா அறைக்கு மாற்றிவிட்டார். எட்டுத் திரையையும் ஒரே நேரத்தில் பார்ப்பது எனக்குக் கை வந்த கலை. புடவை திருடுகிறவர்கள் வாசலுக்குப் போகும் முன்பே சொல்லிவிடுவேன்.

மேலூர் சிஸ்டர்:

முன்னாள் படைவீரர்களைப் பல வருஷம் பார்த்த நர்ஸ் நான். இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

ராணுவத்தில் உடல் தகுதியை ‘ஷேப்’ என்று ஐந்து எழுத்தில் போடுவார்கள். முதல் எழுத்தே மனநிலைக்கு. அதில் ஒன்று என்பதைத் தாண்டி நம்பர் ஏறினால் பதவி உயர்வு, நல்ல போஸ்டிங், எல்லாவற்றுக்கும் பயம். அதனால் சர்வீஸில் இருக்கும்போது ‘தூக்கம் எப்படி?’ என்று கேட்டால், ‘ஏ ஒன் சாப்’ என்பார்கள். காதக், பாராசூட் படை ஆட்கள் இன்னும் மோசம். பிளட்டூனை விட்டு எடுத்துவிடுவார்களே! ஓய்வுபெறும்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டிலும் அதே பதில்தான், சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டுமே. பேப்பரில் ஒன்றும் இருக்காது. அப்புறம் ஊருக்கு வந்து உடைந்துபோய் ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டால், ‘சர்வீஸில் பதிவே இல்லையே’ என்று திருப்பி அனுப்புவார்கள்.

பதிவு இருந்து மறுத்திருந்தால் விட்டுவிடாதீர்கள். தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது இது: சேரும்போது அந்த நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பிறகு வந்தது சர்வீஸால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுக்கு. வழக்குப் போட ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது.

வெளியே வந்தவர்களுக்கு ஈசிஹெச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டக் கார்டில் மனநலச் சிகிச்சையும் அடக்கம். பாலிகிளினிக் மதுரையிலேயே உண்டு. கார்டை எடுத்து வைத்துவிட்டுச் சர்க்கரை மாத்திரைக்கு மட்டும் வருகிறவர்கள்தான் அதிகம். அவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு ராத்திரி எந்த நேரமும் அடிக்கலாம், தமிழில் பேசுவார்கள். ரகசியமாக இருக்கும், காசு கிடையாது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘எத்தனை பேரைச் சுட்டீங்க?’ என்று இவர்களிடம் கேட்காதீர்கள். காது குத்து வீட்டில் முட்டைக்கோஸ் பொரியலைப் போட்டுக்கொண்டே கேட்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

கல்லுப்பட்டி கோச்:

ராணுவத்தில் சேர்வதற்காகக் காலையில் பையன்களை ஓடவிடுகிறேன். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் முழு மார்க். பத்துப் புல்-அப். இதெல்லாம் சொல்லிக் கொடுக்க என்னால் முடிகிறது. ராணுவத்தில் ஆள் எடுக்கும் அக்னிபாத் திட்டம் வந்த பிறகு என் கவலை வேறு. நாலு வருஷம், அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்தான் நிரந்தரம். மற்றவர்களுக்குக் கையில் பதினோரு லட்சத்துச் சொச்சம். பென்ஷன் இல்லை, ஈசிஹெச்எஸ் இல்லை. சிஸ்டர் சொல்கிற கார்டே அவர்களிடம் இருக்காது. இருபத்தைந்து வயசுகூட ஆகாதவன் மொட்டை மாடியில் நின்றால் எங்கே அனுப்புவது? சேர்க்காதே என்று நான் சொல்ல மாட்டேன், என் பையனே ஓடுகிறான். ஆனால் கிரவுண்டில் இப்போதே இதையும் பேசுகிறேன். தூக்கம் போனால் வெளியே சொல்லு, குத்தம் இல்லை என்று. பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

செக்கானூரணி மருமகள்:

அண்ணே, ஒரு சந்தேகம். மாசிப் பெட்டி எடுக்கிற சமயம் வருகிறது. குலதெய்வத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. பங்காளிகள் எல்லோரும் வருவார்கள். கூட்டம், கொட்டு, வேட்டு. போன வருஷம் இவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம், அதையே இன்னும் சொல்லிக் காட்டுகிறார். இந்தத் தடவை கூட்டிப் போகலாமா?

பேரையூரான்:

தங்கச்சி, கூட்டிப் போ. முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அப்புறம் முந்தின நாளே மாப்பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துப் போய்ப் பாதை, கொட்டு நிற்கும் இடம், வேட்டுப் போடும் இடம் எல்லாவற்றையும் காட்டிவிடு. பகலில். அவரே நாலு சுற்று சுற்றிவந்து, ‘இங்கே வண்டி நிறுத்தக் கூடாது’ என்று ஆரம்பிப்பார். அந்த வேலையை அவரிடமே கொடுத்துவிடச் சொல்லு பங்காளிகளிடம். வண்டி நிறுத்துகிற பொறுப்பு. கொட்டுப் பக்கத்தில் உட்கார வைக்காதே. வேண்டாம் என்று தோன்றினால் கிளம்பிவர ஒரு பைக் தனியாக நிற்கட்டும், சாவி அவரிடமே இருக்கட்டும்.

சிஸ்டர் சொன்ன பேப்பர் விஷயத்தையும் விட்டுவிடாதே. செவ்வாய்க்கிழமை நான் மதுரையில் மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்துக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணையான பிபிஓ, மெடிக்கல் போர்டு தாள், பெரியாஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு வரச் சொல்லு. பத்து மணிக்கு வாசலில் இருப்பேன். வருவதாக இருந்தால் முதல் நாளே எனக்குச் சொல்லிவிடுங்கள்.