ஏஜெண்டை நிறுத்தியாகிவிட்டது; கொடுத்த அனுமதியை எப்படித் திரும்பப் பெறுவது?

கேள்வி: சுங்கை சிப்புட் கணக்கர்

வணக்கம். சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை வாங்கி ஆலைக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். ஆலையிலிருந்து மின்னஞ்சலில் வரும் எடைச் சீட்டுகளைப் படித்து, லாரி எண்ணையும் நிகர எடையையும் கூகுள் ஷீட்டில் ஏற்றி, யாருக்கு எத்தனை ரிங்கிட் என்பதை வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏஜெண்ட் (தானாக இயங்கும் மென்பொருள்) ஒன்றை வெளியாள் ஒருவர் அமைத்துக் கொடுத்திருந்தார். சென்ற மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. ஏஜெண்டை நிறுத்திவிட்டதாக அவர் எழுதினார். நாங்களும் முதலாளியின் ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றினோம். ஆனாலும் நேற்று அதிகாலை, முதலாளி உறக்கத்தில் இருந்த நேரத்தில், அவர் பெயரிலேயே ஷீட்டில் புதிய எடைகள் ஏறியிருப்பதைத் திருத்த வரலாறு காட்டுகிறது. தோட்டக்காரர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதே ஷீட்டில் இருப்பதால் எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றியும் இது எப்படி நடக்கிறது?

பதில்: ஈப்போ நிரலர்

கடவுச்சொல்லை அந்த ஏஜெண்ட் பயன்படுத்தவே இல்லை என்பதுதான் காரணம். முதலாளி ஒருமுறை ‘அனுமதி’ என்று அழுத்தியபோது, ஓஆத் (கடவுச்சொல்லைக் கொடுக்காமலே ஒரு செயலிக்கு அனுமதி தரும் முறை) முறைப்படி அதற்கு இரண்டு டோக்கன்கள், அதாவது மின்னணு அனுமதிச் சீட்டுகள், கிடைத்திருக்கும். ஒன்று வேலை செய்வதற்கானது, பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். மற்றொன்று, அது காலாவதியாகும்போதெல்லாம் புதியதைப் பெற்றுத் தரும் புதுப்பிப்பு டோக்கன். இந்த இரண்டாவதை ரத்து செய்யாதவரை வேறெதைச் செய்தும் பயனில்லை. ஓஆத் 2.0 வரையறை 2012இல் வந்தது; டோக்கனை ரத்து செய்யும் முறைக்கென்று 2013இல் தனி வரையறையே எழுதப்பட்டது.

கூகுளில் ஒரு நுணுக்கம் உண்டு. கடவுச்சொல்லை மாற்றினால், ஜிமெயிலைப் படிக்கும் அனுமதி அடங்கிய புதுப்பிப்பு டோக்கன்கள் மட்டுமே செல்லாமல் போகும். ஷீட்டுக்கு மட்டும் தனியாகப் பெற்ற டோக்கன் அப்படியே இருக்கும். முதலாளியின் கூகுள் கணக்கில், மூன்றாம் தரப்புச் செயலிகளுக்கான பக்கத்தைத் திறந்து, அந்தச் சேவையின் பெயருக்குக் கீழுள்ள எல்லா இணைப்புகளையும் நீக்குங்கள். ‘நிறுத்திவிட்டேன்’ என்று அவர் சொல்வது அவர் பக்கத்துச் செய்தி. அனுமதியைக் கொடுத்தவர் பக்கத்தில்தான் அது முடிய வேண்டும்.

பதில்: தைப்பிங் வாசகி

ஐயா சொன்னது சரி, ஆனால் ஒன்று இடிக்கிறது. ஜிமெயில் டோக்கன் செத்துவிட்டதென்றால் புதிய எடைகள் அதற்கு எங்கிருந்து கிடைக்கின்றன? ஜிமெயில் அமைப்புகளில் மின்னஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் பகுதியையும், வடிகட்டிகளையும் பாருங்கள். ஏஜெண்ட் தன் அனுமதியைக் கொண்டு உருவாக்கி வைத்த விதிகள், அந்த அனுமதி போன பிறகும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஷீட்டோடு ஒட்டிய ஆப்ஸ் ஸ்கிரிப்டில் (ஷீட்டுக்குள் எழுதி வைக்கும் சிறு நிரல்) குறித்த நேரத்தில் அதைத் தானாக ஓட்டும் தூண்டிகள் இருந்தால், எந்தக் கணக்கில் அவற்றை அமைத்தார்களோ அந்தக் கணக்கின் பெயரிலேயே அவை ஓடும். ஷீட்டின் பகிர்வுப் பட்டியலில் அறிமுகமில்லாத சர்வீஸ் அக்கவுண்ட் (மனிதருக்கல்ல, மென்பொருளுக்கான கணக்கு) முகவரி உண்டா, வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலில் உங்கள் அலுவலகத்தைச் சேராத கணினி உண்டா என்பதையும் பாருங்கள். மின்விலைப்பட்டியலுக்கு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் ஏஜெண்டை அமைத்தவரை இடையாளராகச் சேர்த்திருந்தால், அந்த அனுமதியை அங்கேயே சென்றுதான் நீக்க முடியும்.

கேள்வி கேட்டவர்

இருந்தது, சகோதரி. ஆலையின் முகவரியிலிருந்து வரும் ஒவ்வொரு மடலும் எங்களுக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு நகலாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் தரப்புப் பக்கத்திலும் ஷீட்டுக்கான இணைப்பு உயிரோடு இருந்தது. இரண்டையும் இப்போதே நீக்கிவிடலாமா, இல்லை முதலில் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டுமா?

பதில்: ஈப்போ நிரலர்

விளக்கத்துக்காகக் காத்திருக்காதீர்கள். திருப்பிவிடும் விதி, இணைப்பின் பெயர், அதற்குக் கொடுக்கப்பட்ட அனுமதிகள், கொடுத்த தேதி, திருத்த வரலாறு ஆகியவற்றைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொண்டு உடனே நீக்குங்கள். நீக்கிய பிறகு விதியின் விவரமும் இணைப்பின் விவரமும் திரையில் கிடைக்காது. விளக்கத்தைப் பிறகு எழுத்தில் கேளுங்கள், அவரிடமுள்ள நகல்களை அழிக்கவும் சொல்லுங்கள். முதலாளியிடம் இதையும் சொல்லுங்கள்: மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2024இல் திருத்தம் வந்து, குறிப்பிடத்தக்க பாதிப்பை உண்டாக்கக்கூடிய தரவுக் கசிவை ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை 1 ஜூன் 2025 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்களுடையது அந்த வரையறைக்குள் வருமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் இன்றே கேட்டுவிடுவது நல்லது, ஏனெனில் அது தோட்டக்காரர்களின் வங்கிக் கணக்கு.

பதில்: தைப்பிங் வாசகி

அடுத்த ஏஜெண்டை அமைக்கும்போது முதலாளியின் கணக்கைக் கொடுக்காதீர்கள். அதற்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, எடைகள் மட்டும் உள்ள ஷீட்டை அதனோடு பகிருங்கள். அடையாள அட்டை எண்ணும் வங்கி எண்ணும் வேறொரு ஷீட்டில் இருக்கட்டும். அப்படிச் செய்தால் திருத்த வரலாற்றில் ஏஜெண்டின் பெயர் தனியாகத் தெரியும், ஒப்பந்தம் முடியும் நாளில் அந்த ஒரு கணக்கை முடக்கினால் போதும். இப்போதைக்கு, நாளை ஆலையிலிருந்து சீட்டுகள் வந்த பிறகு ஷீட்டின் வரலாற்றைத் திறந்து பார்த்து, புதிய எடை ஏதும் ஏறியதா என்பதை இங்கே எழுதுங்கள். ஏறியிருந்தால் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் தேடத் தொடங்குவோம்.