பத்மினி கார் டேப்: பெல்ட் மாற்றியும் பாட்டு இழுக்கிறது, நாடாவையும் விழுங்குகிறது. உதவி தேவை

கரூர்_பத்மினி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1986 பத்மினியை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன், டாஷ்போர்டில் இருக்கும் டேப்தான் பாக்கி. இரண்டு பக்கமும் குமிழ், நடுவில் கேசட் வாய், பழைய ஜப்பான் செட். பன்னிரண்டு வருடமாக ஓடவே இல்லை. திறந்து பார்த்தால் பெல்ட் உருகித் தார் மாதிரி புல்லி முழுக்க ஒட்டிக் கிடந்தது. துடைத்துவிட்டு, கடையில் கிடைத்த பெல்ட்டைப் போட்டேன். முதல் ஐந்து நிமிடம் நன்றாகப் பாடுகிறது, அப்புறம் மெல்ல இழுக்க ஆரம்பித்து குரல் தடித்துப்போகிறது. நேற்று ஒரு கேசட்டின் நாடா கேப்ஸ்டனில் (நாடாவை ஓட்டும் மெல்லிய அச்சு) சுற்றிக்கொண்டு, கத்தரித்துத்தான் எடுத்தேன். மோட்டாரின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை தெரிகிறது, அதில் ஸ்க்ரூடிரைவர் விட்டு வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா? மேஜையில் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரில்தான் சோதிக்கிறேன். பாட்டி பாடிய தாலாட்டை அப்பா 1989இல் பதிந்த கேசட் ஒன்று இருக்கிறது, அதை இந்தக் காரிலேயே கேட்க வேண்டும் என்பதுதான் ஆசை.

ஈயப்பற்று:
அந்த ஓட்டையை இப்போது தொடவே வேண்டாம். உள்ளே இருப்பது வேகத்தைத் திருகி அமைக்கும் பிரிசெட். எங்கேயோ இறுகியிருப்பதை மறைக்க அதைத் திருப்பினால் பிறகு எது கோளாறு என்றே கண்டுபிடிக்க முடியாது. முதலில் அடாப்டரை மாற்றுங்கள். 1 ஆம்பியர் போதாது, சத்தம் கூட்டும்போது ஆம்ப்ளிஃபயர் கரண்டை இழுத்து மோட்டாருக்கு வோல்ட் குறைந்துவிடும். கார் பேட்டரியில் கொடுங்கள், நடுவில் 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். வால்யூம் குறைத்தாலும் இழுக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் பாட்டி கேசட்டை இதில் இப்போது போடாதீர்கள். யாரிடமாவது நல்ல டெக் (வீட்டில் வைக்கும் கேசட் பிளேயர்) இருந்தால் அதில் ஓட்டி கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள், கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே பதிவாகாது.

கரூர்_பத்மினி:
பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன் அண்ணா. வால்யூம் குறைத்தாலும் அதே கதைதான், ஐந்து நிமிடத்தில் இழுக்கிறது.

பழைய_டெக்:
தம்பி, உங்களுக்கு இரண்டு கோளாறு, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சூடானதும் இழுப்பது ஒன்று. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலை (கேப்ஸ்டனோடு சேர்ந்த கனமான சக்கரம்) விரலால் சுண்டுங்கள், சில விநாடியாவது தானாகச் சுற்ற வேண்டும். உடனே நின்றால் கேப்ஸ்டன் செருகிச் சுழலும் புஷ்ஷில் பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று அர்த்தம். வெளியே எடுத்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள், ரப்பர் பக்கம் ஒரு துளிகூடப் படக்கூடாது. மோட்டார் புல்லியின் பள்ளத்தில் தார் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பாட்டு ஆடும், பல் குத்தும் குச்சியால் சுரண்டிப் பாருங்கள். பெல்ட் அளவையும் சரிபாருங்கள்: பெல்ட் போகும் வழியில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட 5 முதல் 10 சதவீதம் சின்னதாக வாங்க வேண்டும். ரொம்ப இறுக்கமாகப் போட்டால் மோட்டார் திணறிச் சூடாகும், நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நாடா சுற்றிக்கொள்வது இரண்டாவது. கேப்ஸ்டனும் அதோடு நாடாவை அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வாங்கிச் சுருட்ட வேண்டிய ரீல் சோர்ந்துபோனால் மிச்ச நாடா எங்கே போகும்? கேப்ஸ்டனில்தான். கேசட் இல்லாமல் ஓடவிட்டு அந்த ரீல் அச்சை விரலால் லேசாகப் பிடியுங்கள், விரலை இழுக்கும் தெம்பு இருக்க வேண்டும்.

மொறிஸ்_யாழ்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர், அதில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் காரின் இரும்புப் பொடியில் (body) இணைந்திருக்கும். உங்கள் காருக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் இதைப் படித்துவிட்டு பழைய பிரிட்டிஷ் காரில் செற்றை மாட்டப் போகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள். மாறிக் கொடுத்தால் செற் ஒரு நொடியில் போய்விடும்.

கரூர்_பத்மினி:
நீங்கள் சொன்னதுதான் ஐயா. ஃபிளைவீல் சுண்டியவுடன் நின்றது. ரீல் அச்சு விரல் பட்டாலே நிற்கிறது, அதை ஓட்டும் சின்னச் சக்கரத்தின் ரப்பர் வளையம் கல்லாக இறுகிக் கிடக்கிறது. அதே அளவில் ஓ ரிங் ஒன்று கிடைத்தது, போட்டதும் அச்சு விரலை நன்றாக இழுக்கிறது. புஷ் சுத்தம் செய்து அரை மணி நேரம் ஓடவிட்டேன், இழுவை இல்லை. ஆனால் பாட்டு இன்னும் ஒரு பொடி தாழ்ந்தே கேட்கிற மாதிரி இருக்கிறது.

ஈயப்பற்று:
இப்போது அந்த ஓட்டைக்கு வரலாம். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். 3150 ஹெர்ட்ஸ் பதிந்த சோதனை கேசட்டைப் போட்டு, ஃபோனில் அதிர்வெண் காட்டும் ஆப்பைப் பார்த்துக்கொண்டே மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். திருப்புமுன் பழைய இடத்தைக் குறித்து வையுங்கள். சோதனை கேசட் கிடைக்காவிட்டால், நேரம் தெரிந்த 5 நிமிடப் பாட்டை ஓடவிடுங்கள், 6 விநாடி கூடுதலாக ஓடினால் 2 சதவீதம் குறைவு. 6 சதவீதம் குறைந்தால் பாட்டு அரைக் கட்டையே இறங்கிவிடும், பாடுகிறவர்களுக்கு உடனே தெரியும்.

கரூர்_பத்மினி:
சோதனை கேசட் ஒருவர் கொடுத்தார். 3085 காட்டியது, 3150க்குக் கொண்டுவந்துவிட்டேன். காரில் மாட்டியதும் புதுத் தொல்லை: ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'கீ' என்று ஒரு சத்தம் கூடவே ஏறுகிறது.

பழைய_டெக்:
அது ஆல்டர்னேட்டர் சத்தம். செட்டுக்குள் பவர் வரும் இடத்தில் பெரிய கண்டென்சர் இருக்கும், 1000 மைக்ரோஃபாரட் அல்லது அதற்கு மேல். இத்தனை வருடத்தில் அது வற்றியிருக்கும். அதே மதிப்பில் 25 வோல்ட் போடுங்கள், பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. செட்டின் எர்த் வயரையும் துருவில்லாத இடத்தில் முடுக்குங்கள். 'டிக் டிக்' என்று வந்தால் அது இக்னிஷன், அதற்கு வேறு வைத்தியம்.

கரூர்_பத்மினி:
கண்டென்சர் மாற்றினேன், 'கீ' போய்விட்டது. பாட்டி கேசட்டை நண்பர் வீட்டு டெக்கில் ஓட்டி கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, நேற்று சாயங்காலம் அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் காரில் போட்டேன். எஞ்சின் ஓடும்போதே, பாட்டி மூச்சு வாங்கும் இடத்தில் தூளிக் கயிறு கிறீச்சிடுவதுகூடக் கேட்கிறது. அம்மா திருப்பிப் போடச் சொல்லி மூன்று முறை கேட்டார்.