பொருள்: மீம் படத்தில் ஏற்றும் எழுத்துக்கு என்ன சொல்? (படவரி / வாசகம் / கூற்று)

கிளிநொச்சியிலிருந்து

வணக்கம். மீம் செய்யும் இணையக் கருவிக்கான வழிகாட்டி முக்கால்வாசி முடிந்தது. "மீம்" அப்படியே இருக்கட்டும். 1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் கிரேக்க வேர் ஒன்றைக் குறுக்கி ஆக்கிய சொல் அது. மகர மெய்யில் முடிவதால் மீமை, மீமில், மீமுக்கு என்று உருபும் சிக்கலில்லாமல் ஏறும். (பன்மையை "மீங்கள்" என்று புணர்த்தி எழுத மட்டும் ஒருவருக்கும் துணிவில்லை. ஊரில் "ஒரு மீம்ஸ்" தான்.) டெம்பிளேற்றுக்கு "வார்ப்புரு", விக்கிப்பீடியாவில் பழகிய சொல். இடறுவது கப்ஷன். "படவரி" என்று வைத்து, இரண்டு பெட்டிகளுக்கும் மேல்வரி, கீழ்வரி என்று பெயர் போட்டிருக்கிறேன். அபிப்பிராயம் சொல்லுங்கோ.

முள்ளியவளையிலிருந்து

> மேல்வரி, கீழ்வரி

அண்ணை, பிரதேச சபை அறவிடுகிற மாதிரிக் கிடக்கு. பொத்தானில் "வரியைச் சேர்" என்று கண்டால் சனம் பக்கத்தை மூடிப்போடும்.

"வாசகம்" என்றும் யோசித்தேன். லான்ட்மாஸ்டர் உழவியந்திரத்தின் பெட்டியிலும் ஓட்டோவின் முதுகிலும் எழுதுவது வாசகம். ஆனால் அது வண்டி இல்லாமலும் நிற்கும். மீமின் எழுத்து படத்தை விட்டுப் பிரிந்தால் செத்துப்போகும். ஏ9 வீதியின் நடுவில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கிற படம் என்று வையுங்கோ. மேலே "அவசரமோ?", கீழே "நாங்கள் எழும்பினாப் பிறகு போகலாம்". இது மாட்டின் பேச்சு. குறுந்தொகைப் பாட்டுக்குத் "தலைவி கூற்று", "தோழி கூற்று" என்று குறிப்பு இருக்குமே, அதே வேலைதான்: பேசுவது யார் என்பதில்தான் பொருள் கிடக்கிறது. ஆகவே "கூற்று".

வவுனியாவிலிருந்து

கூற்று என்றால் எமனும்தான். பரவாயில்லை, சில மீம்களுக்கு அதுவும் பொருந்தும். "மேற்கூற்று" மட்டும் வேண்டாம், "மேற்கூறிய" என்று கண் தடக்கும். மேலே இருப்பது தொடக்கம், கீழே இருப்பது திருப்பி அடிப்பது. "முதற்கூற்று", "மறுகூற்று" என்று வைத்தால் இடத்தை அல்ல, வேலையைச் சொல்லும். பெட்டியை இழுத்துப் பக்கவாட்டில் வைத்தாலும் பெயர் பிழைக்காது.

வழிகாட்டியில் பெரிய குறை, எழுத்துருப் பகுதி. இம்ஜ்ஃபிளிப் போன்ற மீம் தளங்களின் இயல்பிருப்பு எழுத்துரு இம்பாக்ட்: வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு. இம்பாக்டில் தமிழ் எழுத்தே இல்லை. உலாவி அந்தந்தக் கணினியிலோ கைபேசியிலோ கிடைக்கும் ஏதோவொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடும். அதனால்தான் ஒரே மீமைக் கணினியில் செய்தால் ஒரு மாதிரியும் கைபேசியில் செய்தால் வேறு மாதிரியும் வருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன் இரண்டிலும் மிகத் தடித்த வடிவம் உண்டு. கணினியில் நிறுவி, எழுத்துருப் பெட்டியில் அதன் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது விளிம்பு. அதற்கு "புறக்கோடு" என்பதே போதும். ஆங்கிலத்துக்குப் போடுகிற தடிப்பைத் தமிழுக்குப் போட்டால் ண, ஞ, ழு எல்லாவற்றின் சுழியும் அடைபட்டு, "கண்ணன்" ஒரு கரிக்கட்டை ஆகிவிடும். எழுத்து உயரம் 60 புள்ளி என்றால் புறக்கோடு 3 போதும். கோடு முதலில், நிரப்பு அதன்மேல்; மாறி வரைகிற தளத்தில் கோடு எழுத்தின் உள்பக்கத்தைத் தின்னும்.

எழுத்திடைவெளியைப் பூச்சியத்தில் விடுங்கள். இடைவெளி கொடுத்தால் சில தளங்கள் குறியீடு குறியீடாக வரையும்; கொம்பும் காலும் பிரிந்து, புள்ளிகளாலான வட்டம் ஒன்றோடு தனியே தொங்கும். வரியிடைவெளியைக் கூட்ட வேண்டும்: மேல்வரிசையின் "கூ" வாலும் கீழ்வரிசையின் "ன்" புள்ளியும் முட்டிக்கொள்ளும். முதற்கூற்றைப் படத்தின் விளிம்போடு ஒட்டினாலும் முதலில் வெட்டுப்படுவது அந்தப் புள்ளிதான். "வந்தான்" "வநதான" ஆகும்.

யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சுச் செய்ததை ஒட்டினால் அரைப்புள்ளி கலந்த ஆங்கில எழுத்துகள் மட்டும் வரும். முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். எங்கள் பக்கம் அச்சக வேலை செய்பவர்கள் விழுகிற குழி இது.

மல்லாவியிலிருந்து

கூற்றுக்கு ஆதரவு, ஒரு விலக்கோடு. படத்தில் நிற்கும் மூன்று பேரின் மேல் "மழை", "கமக்காரன்", "உர விலை" என்று எழுதுகிற வகை இருக்கிறதே, அதில் எவரும் பேசவில்லை. அதையும் கூற்று என்றால் பிழை. "பெயர்ச்சீட்டு" என்று வேறாக்குங்கள். செய்முறையும் வேறுதான்: சிறிய எழுத்து, ஒரு சொல், பெட்டி ஆளின் நெஞ்சோடு, முகத்தை மறைக்காமல்.

சேமிப்பதையும் சேருங்கள். ஜேபெக் 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் எழுத்தின் விளிம்பில் ஊத்தை பிடிக்கும். ஸ்கிரீன்ஷொட் எடுத்து எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப, அது கூடிக்கொண்டே போகும். பிஎன்ஜியாகச் சேமித்து, ஆவணமாக அனுப்பினால் எழுத்து கூராக நிற்கும். இந்த மங்கலுக்கு "தேய்வு" என்று எழுதலாமா?

கிளிநொச்சியிலிருந்து

நல்லது. படவரியைக் கழிக்கிறேன். மாற்றிய பகுதி:

"வார்ப்புருவைத் தெரிவுசெய்க. முதற்கூற்றை எழுதுக. மறுகூற்றை எழுதுக, ஒரு கூற்று ஆறு சொல்லைத் தாண்டினால் எழுத்துச் சிறுக்கும். ஆட்களுக்குப் பெயர்ச்சீட்டு வேண்டுமெனில் புதிய பெட்டி சேர்க்க. புறக்கோடு: 3."

முகநூலில் படத்துக்கு வெளியே எழுதுவதற்குப் பழைய "படக்குறிப்பு" நிற்கட்டும். "தேய்வு" துணியையும் ரயரையும் நினைப்பூட்டுகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ரீச்சர்மார் ஒருமுறை பார்க்கட்டும். மூலையில் தளங்கள் போடுகிற முத்திரைக்கு "நீர்க்குறி" என்று எழுதியிருக்கிறேன். அதில் ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கோ.