குற்றவாளி எப்போதும் வெளியாள்தானா?

வைகைக்கரை:
குழந்தைகளுக்கு நடக்கும் பாலியல் கொடுமையைக் காட்டும் படங்களைப் பற்றி முடிவைச் சொல்லாமல் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

'சித்தா' (2023) எனக்குப் பிடித்த படம். பழனியில் அண்ணன் மகளை வளர்க்கும் சித்தப்பா மேல் சந்தேகம் விழுகிறது, நண்பனே அவனை வேறு மாதிரிப் பார்க்கிறான். அதுவரை நெஞ்சு பதறியது. கடைசியில் குற்றவாளி யார்? குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவன். மத்திய அரசின் 2007 ஆய்வு, பாலியல் கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பொறுப்பான இடத்தில் இருப்பவர்கள் என்றது. நம் சினிமாவில் மட்டும் ஆபத்து தெருவிலிருந்து வருகிறது. முதலில் வீட்டின் மானத்தைக் காப்பாற்றுகிறார்கள், அப்புறம்தான் குழந்தையை.

பழைய_ரீல்:
நண்பரே, 1977க்குப் போங்கள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்தில் கங்காவுக்கு அடைக்கலம் கொடுப்பவரும் அவளைக் குறிவைப்பவரும் ஒரே ஆள்தான், அம்மாவின் கூடப்பிறந்த வெங்கு மாமா. ஊர் மதிக்கும் வக்கீல் வேறு. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம் அது. 'கார்கி' (2022)யையும் மறந்துவிட்டீர்கள். அப்பா நிரபராதி என்று படம் முழுக்க ஓடுகிற மகளோடு நாமும் ஓடுகிறோம். கடைசியில் செய்தது அப்பாதான் என்று தெரிகிறது. இதைவிட வீட்டுக்குள் எப்படிப் போவது?

வைகைக்கரை:
கார்கியின் அப்பா கை வைத்தது அவர் வாட்ச்மேனாக இருந்த அபார்ட்மெண்ட் குழந்தை மேல். தன் மகள்களுக்கு அவர் தங்கமான அப்பா. அந்தக் கோட்டைத் தாண்ட இயக்குநருக்கும் மனசு வரவில்லை.

செங்காந்தள்:
குற்றவாளி யார் என்பதிலேயே இருவரும் நிற்கிறீர்கள். விஷயம் அது தெரிந்த பிறகு வீடு என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. டென்மார்க்கின் 'ஃபெஸ்டென்' (1998) படத்தில் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள் விருந்து. மூத்த மகன் எழுந்து, சின்ன வயதில் தனக்கும் தன் இரட்டைச் சகோதரிக்கும் அப்பா செய்ததைச் சபையில் சொல்கிறான். அந்தச் சகோதரி தற்கொலை செய்துகொண்டவள். ஒருவரும் கத்தவில்லை, விருந்து தொடர்கிறது! யாரும் கிளம்பிப் போய்விடக் கூடாதென்று கார் சாவிகளை ஒளித்துவைப்பது சமையல்கட்டு ஆட்கள். 'மான்சூன் வெட்டிங்'கில் (2001) குடும்பத்துக்கே உதவி செய்த உறவினர்தான் குற்றவாளி என்று தெரிந்ததும், கல்யாணம் நடக்கும் வீட்டிலிருந்து அவரை வெளியே போகச் சொல்கிறார் மணப்பெண்ணின் அப்பா. கடன்பட்டவன் வாய் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஒரு காட்சியில் தெரியும். தமிழில் அந்த விருந்தை யாரும் எடுக்கவில்லை என்பது என் வருத்தம். நம் ஊரில் சபை கூடாத வீடா?

பழைய_ரீல்:
எடுக்கத் துணிவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், காசும் இருக்கிறது. 'ஏ' சான்றிதழ் படத்தை டிவியில் போட முடியாது, சாட்டிலைட் வியாபாரம் அதோடு போச்சு. 2011 முதல் ஜிஎஸ்டி வரும்வரை 'யு' வாங்கிய தமிழ்ப் படத்துக்குத்தான் இங்கே கேளிக்கை வரி விலக்கு. அந்த ஆறு வருடமும் வில்லனை மாமாவாக வைக்கலாமா என்று யோசித்த தயாரிப்பாளர் முதலில் கணக்குப் பார்த்திருப்பார். அப்புறம் எங்கே மாமா?

ரெட்டைப்பின்னல்:
நான் எதிர்க்கட்சி. வீட்டில் நடப்பதைத் திரையில் காட்டினால் திருந்திவிடுவார்களா? 'மகாராஜா'வில் (2024) என்ன செய்தார்கள்? வில்லன் செல்வத்தின் ஆட்கள் சிதைத்த பெண் அவனுடைய சொந்த மகள் என்பது கடைசித் திருப்பம். தியேட்டரில் 'ஐயோ' என்றார்கள், வெளியே வந்து திரைக்கதையைப் புகழ்ந்தார்கள். அந்தப் பெண்ணின் வலி அங்கே ஒரு முடிச்சு, அவ்வளவுதான். இதற்குச் சும்மா இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள்.

செங்காந்தள்:
'மகாராஜா' பற்றிச் சொன்னது சரி அக்கா. அதிர்ச்சிக்காக எடுத்தது வேறு, அதற்காக எல்லாவற்றையும் மூடிவைப்பது வேறு. 1098க்கு யார் போன் பண்ணுவார்? தெரிந்தும் புகார் தராமல் இருப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி குற்றம். ஆனாலும் 'வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது' என்று அடக்குவது வீட்டுப் பெரியவர்கள்தானே? அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வரப்போவதில்லை. படத்துக்கு வருவார்கள்.

ரெட்டைப்பின்னல்:
வருவார்கள். மாமா வில்லனாக வந்தால் பாதியில் எழுந்து போவார்கள். என் வீட்டில் 'கார்கி'யை ஓடிடியில் போட்டபோது டிவியை அணைத்தது யார் என்று சொன்னால் சண்டை வரும்.

வைகைக்கரை:
அணைத்தார்கள் என்றால் படம் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது. நீங்கள் மீதியை எப்போது பார்த்தீர்கள்?

ரெட்டைப்பின்னல்:
அன்று ராத்திரியே, தனியாக, செல்போனில். அப்போதும் என் கருத்து மாறவில்லை.