தோற்ற ஆட்டத்தில் ரிசைன் செய்வதா (தோல்வியை ஒப்புக்கொண்டு விலகுவதா), கடைசி வரை ஆடுவதா?

கறுப்புச்சிப்பாய்:
ஆன்லைன் செஸ்ஸில் ரேட்டிங் 1300-ஐச் சுற்றியே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஆள் நான். பெரும்பாலும் 10 நிமிட ரேப்பிட், கை அரித்தால் 3+2 பிளிட்ஸ் (ஆளுக்கு மூன்று நிமிடம், மூவுக்கு இரண்டு செகண்ட் கூடுதல்). நேற்று ஒரு ஆட்டத்தில் பாதியிலேயே ஒரு யானை போய்விட்டது. விடாமல் ஆடினேன். எதிராளி சாட்டில் முதலில் ஒரு கேள்விக்குறி போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் எதுக்கு?" அப்புறம், "மரியாதை தெரிஞ்சவன் ரிசைன் பண்ணியிருப்பான்." நான் பதில் சொல்லவில்லை. அவர் கடுப்பில் ஒரு சிப்பாயை ராணியாக்கினார், பிறகு இன்னொன்றையும் ஆக்கினார். அந்த இரண்டாவது ராணி வந்து நின்றதும் என் ராஜாவுக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது டிரா. மறு நொடி என்னை பிளாக் செய்துவிட்டுப் போய்விட்டார்.

அரைப் புள்ளி வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நேரில் போட்டி ஆடுகிறவர்கள் ஒரு காய் போனாலே கை கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறார்களே. ஆன்லைனில் எது முறை? நீங்கள் எந்தக் கட்டத்தில் ரிசைன் செய்கிறீர்கள்?

பிளிட்ஸ்பூதம்:
ரிசைன் செய்வது தோற்பவரின் உரிமை. ஜெயிக்கிறவர் கேட்டு வாங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. செக்மேட் ஆனாலும் ரிசைன் செய்தாலும் குறையும் ரேட்டிங் ஒன்றுதான். சாட்டை அணைத்துவிட்டு ஆடுங்கள்.

நான் மரியாதைக் குறைவு என்று சொல்வது வேறு. அடுத்த மூவில் மேட் என்று தெரிந்ததும் காயைத் தொடாமல், மிச்சமிருக்கும் ஏழு நிமிடத்தையும் ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார்களே, அது. அதைத் தொடர்ந்து செய்கிறவர்களுக்குத் தளங்களே தடை போடுகின்றன.

பழையயானை:
எத்தனை காய் குறைவு என்பதை வைத்து நான் முடிவு செய்வதே இல்லை. எதிராளி தப்பு செய்ய பலகையில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, கிளாக் யார் பக்கம் இருக்கிறது, இவ்வளவுதான் பார்ப்பேன். ராணிகள் இன்னும் இருக்கின்றன, அவருடைய ராஜாவைச் சுற்றிச் சிப்பாய்கள் கலைந்து கிடக்கின்றன என்றால் ஒரு யானை குறைவாக இருந்தாலும் ஆடுவேன். தொடர் செக்கிலேயே டிரா எடுக்க வாய்ப்பு இருக்கிறது. அதே யானை குறைவு, ராணிகள் மாற்றியாகிவிட்டது, அவரிடம் ஐந்து நிமிடம் இருக்கிறது, ஆளும் நிதானமானவர் என்றால் ரிசைன் செய்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவேன்.

கிளாக் விஷயத்தில் 3+0 வேறு உலகம், 3+2 வேறு உலகம். ராஜாவும் ராணியும் தனி ராஜாவை மேட் செய்ய, சரியாக ஆடினாலே பத்து மூவ் வரை ஆகலாம். இன்கிரிமென்ட் (மூவுக்கு மூவ் சேரும் நேரம்) இல்லாத ஆட்டத்தில் அவரிடம் நாலு செகண்ட்தான் இருக்கிறதென்றால் நான் ஏன் எழுந்து போக வேண்டும்? 3+2-வில் ஒவ்வொரு மூவுக்கும் இரண்டு செகண்ட் சேர்ந்துகொண்டே இருக்கும். மேட் செய்யத் தெரிந்தவருக்கு அது தாராளம்.

இதில் பலர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. எதிராளியின் நேரம் தீரும்போது உங்களிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் டிராதான், வெற்றி இல்லை. ஒரே ஒரு சிப்பாய் உயிரோடு இருந்தாலும் முழுப் புள்ளி. ஆகவே நேரத்தை நம்பி ஆடும்போது சிப்பாயைக் காப்பாற்றுங்கள். ஸ்டேல்மேட்டை நம்பி ஆடும்போது நேர் எதிர்: நகரக்கூடிய சிப்பாய் ஒன்று இருந்தாலே ஸ்டேல்மேட் ஆகாது, அதை எப்படியாவது கொடுத்துத் தொலைக்க வேண்டும், அல்லது முட்டி நிற்க வைக்க வேண்டும். கடைசி இருபது செகண்டில் இரண்டையும் ஒன்றாக ஆசைப்பட்டு ஒன்றும் கிடைக்காமல் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஸ்டேல்மேட்டுக்கு ராஜாவை மூலைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் ராஜா எச்8 என்ற மூலைக் கட்டத்தில் நிற்கிறது. அவர் அவசரத்தில் ராணியை ஜி6-இலோ எஃப்7-இலோ வைக்கிறார். முடிந்தது. மூலை ராஜாவிலிருந்து குதிரை தாண்டும் கட்டம் அது. ஜி8, ஜி7, எச்7 மூன்றும் அடைபட்டுவிடும், செக் மட்டும் இருக்காது. ராஜாவை நெருக்க வேண்டும் என்று நினைக்கிற கைக்கு அந்தக் கட்டம்தான் முதலில் தோன்றும்.

அவசரப்பட்டு ரிசைன் செய்கிறவர்களுக்கு 1902 மான்டி கார்லோ ஆட்டத்தைக் காட்டுவேன். வான் போபியலுக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய ஜார்ஜ் மார்கோ, தன் பிஷப் 'பின்'னில் (நகர்ந்தால் பின்னால் இருக்கும் காய் அடிபடும் நிலையில்) மாட்டிக்கொண்டது, இனி விழப்போகிறது என்று ரிசைன் செய்தார். அதே பிஷப்பை ஜி1-க்கு நகர்த்தியிருந்தால் ஒரு பக்கம் எச்2-இல் மேட், இன்னொரு பக்கம் வெள்ளை ராணிக்கு அடி. ஜெயித்த ஆட்டம். ரிசைன் பட்டனைத் தொடும் முன், "விழப்போகிற காயால் கடைசியாக ஒரு மூவ் வைக்க முடியுமா" என்று பார்ப்பது அதிலிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

எண்ட்கேம்ரசிகன்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. 1963-64 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் ரெஷெவ்ஸ்கியிடம் தோற்றுக்கொண்டிருந்த லாரி எவன்ஸ், ராணியை ஜி8-இல் கொடுத்து, அப்புறம் யானையை ஜி7-இல் கொடுத்து டிரா வாங்கினார். எடுத்தால் ஸ்டேல்மேட், எடுக்காவிட்டால் செக் ஓயாது. அருமைதான். அபூர்வம் என்பதால்தானே இன்றும் அதைப் பேசுகிறோம்? யானை குறைவாக நாற்பது மூவ் இழுத்து ஆடும் நேரத்தில், அந்த யானை எந்த மூவில், ஏன் போனது என்று என்ஜினை (மூவ் சொல்லும் கணினி நிரலை) அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கலாம். எதிராளியின் தப்புக்குக் காத்திருந்து பழகியவர்கள் சம நிலையிலும் காத்திருக்க ஆரம்பிக்கிறார்கள். நான் சீக்கிரமே ரிசைன் செய்கிற கட்சி.

பழையயானை:
2000 ரேட்டிங்கில் நீங்கள் சொல்வது சரி. 1300-இல் ராணியைக் கொடுத்துவிட்டு அடுத்த மூவில் எதிராளியின் ராணியை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் ஐயா. அங்கே சீக்கிரம் ரிசைன் செய்வது புள்ளியைத் தானம் செய்வது. அதோடு, தோற்கும் நிலையில் எதிராளிக்கு மூவுக்கு மூவ் தொல்லை கொடுப்பதும் தனியாகப் பழக வேண்டிய வித்தைதான். புதிர் போட்டுப் பழகினால் வராது.

கறுப்புச்சிப்பாய்:
சிப்பாய் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஒரு மூவுக்கு மூன்று நாள் கொடுக்கும் ஆட்டங்களில்? அங்கே ஒன்றில் குதிரை குறைவாக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

பிளிட்ஸ்பூதம்:
அங்கே அவருக்கு அவசரமும் இல்லை, கிளாக்கும் உதவாது. குதிரைக்குப் பதிலாக உங்களுக்குத் தாக்குதல் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் ரிசைன் செய்துவிடுங்கள். இருந்தால் பொசிஷனை இங்கே போடாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்துக்கு உதவி கேட்பது விதி மீறல். முடிந்ததும் போடுங்கள், பார்க்கலாம்.