டார்ட்மூர் போகிறவர்கள் பிரின்ஸ்டவுனில் இறங்க வேண்டுமா?

மழைக்காலம்: இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுப் பொட்டலில் இருக்கும் பிரின்ஸ்டவுனைப் "பார்த்தே ஆக வேண்டும்" என்று இங்கே ஒருவர் பரிந்துரைத்திருந்தார். எதற்கு? ஏறத்தாழ 430 மீட்டர் உயரத்தில் சாம்பல் நிறச் சிறை, ஓயாத மழை, மூடுபனி. அழகான ஊர் வேண்டுமென்றால் பக்கத்திலேயே டேவிஸ்டாக் இருக்கிறது.

கருங்கல்: அழகுக்காக அங்கே யார் போகிறார்கள்? ஊரை நிறுவிய தாமஸ் டிர்விட் முதலில் அந்தப் பொட்டலில் ஆளிச்செடி பயிரிடப் பார்த்தார். தட்பவெப்பம் ஒத்துழைக்கவில்லை. ஊர் நிலைத்தது சிறையால்தான். 1809 முதல் நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சுப் போர்க்கைதிகள், பிறகு பிரிட்டனோடு போரிட்ட அமெரிக்கர்கள். புனித மைக்கேல் தேவாலயத்தை எழுப்பியதே அந்தக் கைதிகள்தான். அதன் கல்லறைத் தோட்டத்தில் பிற்காலக் குற்றவாளிகளுக்குச் சிறு கற்கள் வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. முழுப் பெயர் கிடையாது. முதலெழுத்துகளும் இறந்த தேதியும் மட்டும்.

மழைக்காலம்: நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் கல்லறையையா தேடுகிறார்கள்? ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயில் 1901-இல் இந்த ஊரின் டச்சி ஹோட்டலில் தங்கினார். அது பின்னாளில் தேசியப் பூங்காவின் தகவல் மையமானது. எல்லோரும் டார்ட்மூரில் நடக்கும் அவருடைய ஹோம்ஸ் நாவலில் வரும் வேட்டைநாயைத்தான் விசாரிக்கிறார்கள்.

கருங்கல்: விசாரிக்கட்டும். நாய் கற்பனை, 1815 ஏப்ரல் 6 நிஜம். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சமாதான ஒப்பந்தம் முடிந்த பிறகும் கப்பலுக்காகக் காத்திருந்த அமெரிக்கக் கைதிகள்மீது காவலர்கள் சுட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். இதைச் சொல்லாமல் நாயை மட்டும் விற்பது வழிகாட்டிகளின் சோம்பேறித்தனம்.

நடைப்பிரியன்: இருவரும் ஊருக்குள்ளேயே நிற்கிறீர்கள்! 1956-இல் மூடிய ரயில் பாதையின் தடத்தில் நடந்தால் ஃபாகின்டார் கல் குவாரி வரும். நீர் தேங்கிய பள்ளமும், தொழிலாளர் குடியிருப்புகளின் இடிபாடும் அங்கேதான். இறங்கத் தகுந்த காரணம் அதுதான் என்பேன். மழைக்கோட்டு மட்டும் மறக்க வேண்டாம்.

மழைக்காலம்: கடைசியில் நீங்களும் மழைக்கே வந்துவிட்டீர்கள்! 2024-இல் ரேடான் வாயு காரணமாகச் சிறையையே காலி செய்தார்கள். கருங்கல் பூமியில் இயல்பாக ஊறும் கதிரியக்க வாயு அது. சிறையை நம்பிப் பிழைத்த ஊரில் இனி என்ன மிச்சம்?

கருங்கல்: 1816-இலும் கைதிகள் போனபின் சிறை வெறுமனே கிடந்தது, 1850-இல்தான் குற்றவாளிகளுக்காகத் திறந்தார்கள். ஊர் அதையும் தாண்டியது. நீங்கள் டேவிஸ்டாக்கில் தேநீர் குடியுங்கள். நான் தேவாலயத்துக்குப் போகிறேன்.